சாவி எக்கார்ட்டிடம் இருக்கிறது

கெர்வினின் துப்பாக்கி ஒரு வருடத்துக்கு மேலாகச் சுடவில்லை. அதில் ஒரு குறையும் கிடையாது. குழல் சுத்தம், கட்டை மினுமினுப்பு, உள்ளே ஸ்பிரிங் கிண்ணென்று இருந்தது. சாவி எக்கார்ட்டிடம் இருந்தது. அவ்வளவுதான் சங்கதி.

சாவி இல்லாத சக்கரத் துப்பாக்கி வெறும் இரும்புத் தடி. நாலைந்து நூற்றாண்டுக்கு முந்தைய அமைப்பு அது. சிகரெட் லைட்டருக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பல் வெட்டிய எஃகுச் சக்கரம் ஒன்று. அதன் அச்சில் சாவியை மாட்டி முக்கால் சுற்று முறுக்கினால் உள்ளே ஒரு குட்டிச் சங்கிலி ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விசையை அழுத்தினால் சக்கரம் விர்ரென்று சுழலும். சேவல் என்று துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் இரும்புக் கை, அலகில் கவ்விய கல்லைச் சக்கரத்தின் மேல் அழுத்தும். பொறி பறந்து வெடிமருந்தில் விழும். அச்சு முனை சதுரம், சாவியின் துளையும் சதுரம். கையால் ராவிய சதுரம் இரண்டு ஒன்றுபோல வரவே வராது. ஒருவன் சாவி இன்னொருவன் துப்பாக்கியில் ஏறாது.

வேடிக்கையாக ஆரம்பித்த விஷயம்தான். ஜெர்மனியின் துரிங்கியக் காட்டு மலையில் உள்ள அந்தச் சிற்றூரில் ஒரு கருமருந்துச் சங்கம் உண்டு. பழைய மாதிரித் துப்பாக்கிகளைச் செய்து, கைவிடப்பட்ட கல்குவாரியில் சுட்டுப் பார்த்து, பொசுங்கிய விரல்களோடு வீடு திரும்புகிற பைத்தியங்களின் கூட்டம். அதிலும் சக்கரப் பைத்தியம் பிடித்தவர்கள் இரண்டே பேர். வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுது பார்க்கிற கெர்வின் ஒருவன். பக்கத்து ஊரில் பல் செட் கட்டுகிற எக்கார்ட் இன்னொருவன். கெர்வின் வாடகைக்கு எடுத்திருந்த கராஜில் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு ஜோடித் துப்பாக்கி செய்தார்கள். ஸ்பிரிங்கும் சங்கிலியும் கெர்வின் பொறுப்பு. கல்லை அலகில் உட்கார வைப்பது, சித்திரம் வெட்டுவது போன்ற நுணுக்கமெல்லாம் எக்கார்ட் பொறுப்பு.

முதல் நாளே இரண்டும் பழுதில்லாமல் சுட்டன. பீர் குடிக்க உட்கார்ந்தபோது எக்கார்ட் தன் சாவியை மேஜையில் வைத்தான்.

"இந்தா, இத நீ வெச்சுக்க. உன்னோடத எனக்குக் குடு. இனிமே நான் வந்தாத்தான் நீ சுட முடியும், நீ வந்தாத்தான் நான் சுட முடியும்."

"இதென்னப்பா, மோதிரம் மாத்துற மாதிரி இருக்கு?" என்றாள் இல்கா. சங்கத்தில் சுடும் திடலுக்கு அவள்தான் அதிகாரி. பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவள், குரல் எட்டு ஊருக்குக் கேட்கும்.

"கல்யாணத்துல இப்படிக் கிடையாது," என்றான் ஹார்ட்முட் என்கிற கசாப்புக் கடைக்காரன். "அங்க ரெண்டு சாவியும் பொண்டாட்டி கிட்டதான் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கெர்வினும் சிரித்தான். ஆனால் அவன் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தன்னிடம் உள்ள ஒன்றுக்காக இன்னொரு மனிதன் மாதா மாதம் வந்தே தீர வேண்டும் என்பது அவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அங்கே யாருக்குத் தெரியும்? எக்கார்ட்டின் சாவியை வீட்டுச் சாவி வளையத்திலேயே கோத்துக்கொண்டான். மாதத்தின் முதல் சனிக்கிழமை கல்குவாரி. மழையானாலும் பனியானாலும் எக்கார்ட்டின் பச்சைக் கார் வந்து நிற்கும். பத்து வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று.

பிறகு போன வருட வசந்தப் போட்டி வந்தது.

அன்று எக்கார்ட்டின் துப்பாக்கி பற்றவில்லை. சக்கரம் சுழல்கிறது, சேவல் விழுகிறது, பொறி மட்டும் இல்லை. திரும்ப முறுக்கினார்கள், திரும்ப அதே கதை. மூன்றாவது தடவையும் புஸ்ஸென்று போனதும் கெர்வினுக்கு வாய் அரித்தது.

"டேய், சக்கிமுக்கிக் கல்ல கில்ல வெச்சுத் தொலைச்சிட்டியா?"

சக்கரத் துப்பாக்கிக்காரனிடம் இதைவிடக் கேவலமான கேள்வி கிடையாது. சேவல் கவ்வ வேண்டியது பைரைட் கல். பித்தளை நிறத்தில் மின்னும், லேசில் உதிரும். சக்கிமுக்கிக் கல் சாம்பல் நிறம், கல்லுளிமங்கன். அதை வைத்தால் பொறியும் சரியாக வராது, அரும்பாடுபட்டு வெட்டிய சக்கரத்தையும் அரம் போட்டதுபோல் தின்றுவிடும். நேற்று வந்தவன்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டான். பாயசத்துக்கு உப்புப் போட்டாயா என்று சமையல்காரனைக் கேட்கிற மாதிரி.

குவாரியே சிரித்தது. ஹார்ட்முட், "பல்லுக்குப் பதிலா கல்லையே கட்டிவிடுற ஆளுப்பா அவன்!" என்று தன் பங்குக்கு எடுத்துவிட்டான். எக்கார்ட் சிரிக்கவில்லை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடினான். "வேலை இருக்கு," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

கெர்வின் ஒரு தடவை போன் செய்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு சின்னக் கேலிக்கு இவ்வளவு ரோஷமா என்று இவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. நான் ஒரு தடவை கூப்பிட்டாயிற்று, இனி அவன் முறை. என் சாவி அவனிடம் இருக்கிறது, அவன் சாவி என்னிடம் இருக்கிறது. வராமல் எங்கே போய்விடுவான்? இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே கோடை போயிற்று, குளிர்காலம் போயிற்று. எக்கார்ட்டின் தெருவில் ஹீட்டர் வேலை வந்தால் வண்டியை மெதுவாக ஓட்டுவான். ஜன்னலில் விளக்கு எரியும். நிறுத்தமாட்டான். வறட்டுக் கௌரவம் பிடித்த மனிதனுக்கு மருந்து எங்கே விற்கிறது?

சங்கத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. முதல் சனிக்கிழமை தவறாமல் துப்பாக்கியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். மேஜையில் வைப்பான், துடைப்பான், மூடுவான். மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துவிட்டு ஒரு சாசேஜ் தின்றுவிட்டு வருவான்.

"ஏன்யா, பூட்டையே செஞ்ச ஆளு நீ. ஒரு சாவி செய்யத் தெரியாதா?" என்பான் ஹார்ட்முட்.

"தெரியும்."

"அப்புறம்?"

"சாவி எக்கார்ட் கிட்ட இருக்கு."

"அட, அதான்யா கேக்கறேன்!"

செய்யத் தெரியாமலா? அரத்தை எடுத்தால் ஒரு மத்தியான வேலை. ஆனால் புதுச் சாவி ஒன்று பிறந்துவிட்டால், எக்கார்ட் வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று என்று ஆகிவிடும். அதை மட்டும் தன் கையாலேயே செய்ய கெர்வினுக்கு மனம் வரவில்லை. அவனுக்கு வேறு யார் இருந்தார்கள்? நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு நிலவறைகளில் குனிந்து கிடப்பான். சூடு வந்துவிட்டதா என்று கேட்பார்கள், வந்துவிட்டது என்பான். சாயங்காலம் ரொட்டியும் தொத்திறைச்சியும் வைத்துக்கொண்டு ரேடியோவோடு சாப்பிடுவான். சில நாள் தன் குரலைத் தானே கேட்காமல் படுத்துவிடுவதும் உண்டு.

இந்த வருடம் ஜூலையில் சந்தையில் அது நடந்தது. செர்ரி விற்கிற வண்டிக்கு அந்தப் பக்கம் எக்கார்ட் நின்றான். கெர்வினுக்கு நெஞ்சு திக்கென்றது. கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, கையைத் தூக்கினான். எக்கார்ட் நேராக இவன் முகத்தைத்தான் பார்த்தான். கூப்பிடு தூரம்கூட இல்லை. பார்த்துவிட்டு, ஒரு சலனமும் இல்லாமல், செர்ரிப் பொட்டலத்தோடு மெல்ல நடந்து போய்விட்டான்.

தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கெர்வின் தலையைச் சொறிந்துகொண்டான். முகத்துக்கு நேரே இப்படி ஒருவன் செய்வானா! பகையாளிகூடப் பல்லைக் கடித்துக்கொண்டாவது தலையை ஆட்டுவானே.

"சரி, போ," என்று சத்தமாகச் சொன்னான். செர்ரிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

அன்று மத்தியானமே கராஜைத் திறந்து எஃகுத் துண்டு ஒன்றைப் பிடிகருவியில் இறுக்கினான். துளை போட்டான், சதுரமாக ராவினான். அச்சில் வைத்துப் பார்ப்பான், எடுப்பான், மறுபடி ராவுவான். கடைசியில் சாவி கச்சிதமாக ஏறி உட்கார்ந்தது. ஆத்திரத்தில் செய்த வேலை. ஆனாலும் அழகாகத்தான் வந்திருந்தது. அதுவேறு அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

முறுக்கி விசையை அழுத்தினால் பொறி வரவில்லை.

சக்கரத்தின் பல்லில் பழைய எண்ணெய் பிசினாகிக் கிடந்தது; சாராயம் தொட்டுத் துடைத்தான். பொறி இல்லை. சங்கிலி சிக்குகிறதோ என்று பூட்டைக் கழற்றிப் பார்த்தான், சங்கிலி தேவலை. சேவலின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கினால் கல் அழுந்திச் சக்கரம் பாதியில் நின்றது, தளர்த்தினால் கல் சும்மா தடவிக்கொடுத்தது. கல்லில்தான் கோளாறு; கிடந்த கிடையில் உதிர்ந்திருந்தது. அதை எந்தச் சாய்வில் வைப்பது, ஈயத் தகட்டை எத்தனை மடிப்பு சுற்றுவது என்பதெல்லாம் எக்கார்ட்டின் கைப்பழக்கம். இத்தனை வருடத்தில் கெர்வின் அதைக் கவனித்ததே இல்லை. "கல்லைப் பாருடா" என்று நீட்டுவான், அவன் பார்த்துத் தருவான். அவ்வளவுதான் இவனுக்குத் தெரியும்.

போனைக் கையில் எடுத்தான். சந்தையில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் முழுக்க ஒற்றைக்கு ஒற்றையாய் அதோடு மல்லுக்கட்டினான். ஒரு டப்பா பைரைட்டை உடைத்துத் தீர்த்தான். கடைசியில் கல்லின் முனை சக்கர அச்சை நேராகப் பார்க்கும்படி ஒரு மயிரிழை கீழே இறக்கி வைத்தபோது, விர்ரென்று சக்கரம் ஓடி, மருந்து வைக்கும் கிண்ணத்தில் ஒரு பிடி பொறி கொட்டியது. கெர்வின் "வந்துடுச்சுடா!" என்று திரும்பினான். பின்னால் எக்கார்ட் வழக்கமாக உட்காரும் முக்காலிதான் இருந்தது. அன்றைக்குத்தான் அவனுக்கு அழுகை வந்தது. அழுதான்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை இலையுதிர்காலப் போட்டி. வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஹார்ட்முட் அடுப்புக் கரியை விசிறிக்கொண்டே, "ஆஹா, நம்மாளு சாவி செஞ்சுட்டாருய்யா! மழைதான் வரப்போவுது!" என்று கூவினான். இல்கா பக்கத்தில் வந்து கெர்வினின் தோளைத் தட்டினாள்.

"நல்ல காரியம் பண்ணினப்பா. எத்தனை நாளைக்குத்தான் அவனுக்காகத் தேங்கிக் கிடப்ப?"

கெர்வின் சாவியைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் முறை வந்ததும் சுடும் கோட்டுக்குப் போய் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்தான். புதுச் சாவியை மாட்டி முறுக்கினான். சக்கரம் டக்கென்று பிடித்துக்கொண்டது. கிண்ணத்தில் மருந்து தூவி மூடி, சேவலை அதன் மேல் இறக்கினான். சக்கரத் துப்பாக்கி சுடுவதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நெருங்கி வந்தார்கள்.

அப்போது மேட்டில் கார் ஏறுகிற சத்தம் கேட்டது. கெர்வினுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கியர் மாற்றும்போது இருமுகிற அந்தக் காரை அவன் தூக்கத்திலும் கண்டுபிடிப்பான். ஆனாலும் திரும்பினான். மரங்களுக்கு இடையே பச்சை தெரிந்தது.

இப்போது என்ன செய்வது? சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், மறைத்துவிடலாம். முறுக்கிய சக்கரத்தை எங்கே மறைப்பது? அச்சு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று ஒரே பார்வையில் எக்கார்ட் சொல்லிவிடுவான். சாவி இல்லாமல் அது திரும்பாது. முறுக்கை அவிழ்க்கவும் விசையை அழுத்தத்தான் வேண்டும். ஒரு வருடம், அதற்கும் மேலாக, கல்லாக உட்கார்ந்திருந்தாயே படுபாவி, இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

"கெர்வின்! மருந்து போட்டாச்சுல்ல, அங்க இங்க பாக்காத! சுடு!" என்று இல்கா அதட்டினாள்.

சுட்டான். விர்ரென்ற இழுப்பும் வெடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குவாரிச் சுவரில் மோதித் திரும்பின. வெளியூர்க்காரர்கள் கை தட்டினார்கள். புகை கலைந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் எக்கார்ட் நின்றுகொண்டிருந்தான். காரிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சாதாரணத் துப்பாக்கிச் சத்தத்துக்கும் சக்கரத் துப்பாக்கிச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கெர்வின் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு வேலியருகே போனான்.

"நல்லாப் பத்துது," என்றான் எக்கார்ட்.

"ம்."

"கல்லு நீயே வெச்சியா?"

"நானேதான். ஒரு மாசம் ஆச்சு."

"எறக்கி வெச்சியா?"

"எறக்கித்தான்."

"அதான் சூட்சுமம்." எக்கார்ட் தலையாட்டினான். இளைத்திருந்தான். கண்ணாடி இல்லை; இத்தனை வருடமும் மூக்கின் மேல் இருந்த அந்தத் தடித்த கண்ணாடியைக் காணோம்.

"கண்ணாடி எங்கடா?"

"வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு கண்ணும் புரை எடுத்தாச்சு. மொதக் கண்ணு ஜூலை கடைசில, ரெண்டாவது போன மாசம்தான் எடுத்தாங்க." அவனே தொடர்ந்தான். "அன்னிக்கு நீ கேட்டியே, சக்கிமுக்கிக் கல்லான்னு. அதேதான்டா. பைரைட்டும் அதுவும் எனக்கு ஒரே சாம்பலாத் தெரிஞ்சுது. நீ கேட்டப்புறம் தடவிப் பாத்துத்தான் எனக்கே வெளங்குச்சு. பல்லு வேலையும் போச்சு. வெளிய யார் மூஞ்சியும் தெரியாது. கொரல் குடுத்தாத்தான் ஆளு யாருன்னு தெரியும். என்னத்த வெளிய சொல்றது? கல்லு தெரியாதவனுக்குச் சங்கத்துல என்ன வேலை?"

கெர்வினுக்குச் செர்ரி வண்டி நினைவுக்கு வந்தது. தூக்கிய தன் கை நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை, "எக்கார்ட்" என்று ஒரே ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிடவில்லை. 

"எனக்குத் தெரியாதுடா," என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னாத்தான?" எக்கார்ட் சட்டைப் பையிலிருந்து கெர்வினின் சாவியை எடுத்தான். பளபளவென்று துடைத்து வைத்திருந்தான். "இந்தா. இனிமே இது உனக்குத் தேவைப்படாது. ஆனாலும் உன்னோடது."

கெர்வின் வாங்கிக்கொண்டான்.

"என்னோடது?" என்று கை நீட்டினான் எக்கார்ட்.

எக்கார்ட்டின் சாவி வீட்டுச் சாவி வளையத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் வளையம் இறுகிப்போயிருந்தது. நகத்தை விட்டு நெம்பி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று கெர்வின் அதைக் கழற்றுகிறவரை எக்கார்ட் பொறுமையாக நின்றான்.

"நீ புதுசு செஞ்சுக்கலையா?" என்று கேட்டான் கெர்வின்.

"நானா? எனக்கு எங்க கண்ணு தெரிஞ்சுது?" என்று சிரித்தான் எக்கார்ட். சின்னச் சிரிப்பு. கண் தெரிந்திருந்தாலும் அவன் செய்திருக்கமாட்டான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"உக்காருடா. ஒரு பீர் குடிச்சிட்டு..."

"இல்ல, இல்ல. இதக் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். எல்லாத்தையும் வித்துடலாம்னு இருக்கேன். கண்ணு வந்தாச்சு, இனிமே மீன் பிடிக்கப் போலாம்."

மீனாம்! எக்கார்ட்டுக்கு மீன் வாடையே ஆகாது. காரின் பின்சீட்டில் துப்பாக்கிப் பெட்டி இருந்ததை கெர்வின் பார்த்தான். மருந்துக் கொம்பு இருந்தது. இரண்டு மடக்கு நாற்காலிகள் இருந்தன. துணி போட்டு மூடிய தட்டின் ஓரத்தில் பிளம் கேக் தெரிந்தது, ஒரு ஆள் தின்ன முடியாத அளவுக்கு. இன்றைக்கு முழுதும் இங்கேயே இருக்கத்தான் வந்திருக்கிறான். மேடு ஏறி முடிக்கும் வரைக்கும் அதுதான் எண்ணம். வெடிச் சத்தம் கேட்ட பிறகு பிறந்ததுதான் இந்த மீன்.

பெட்டிய எடுத்துட்டு உள்ள வாடா நாயே, நீ இல்லாம ஒரு வருஷமா செத்துட்டேன்டா. இவ்வளவு சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? காத்திருந்தேன் என்று சொல்வதற்கான உரிமையை அவனே மேஜையில் வைத்து ராவித் தள்ளிவிட்டானே. சட்டைப் பையில் புதுச் சாவி கனத்தது.

"கேக் கொண்டாந்திருக்க போல," என்றான் கடைசியில். வாய்க்கு வந்தது அதுதான்.

"அது அக்கா வீட்டுக்கு." எக்கார்ட் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். ஜன்னலை இறக்கி, இவன் முகத்தை ஒரு நிமிஷம் நன்றாக, ஆசையாகப் பார்த்தான். "நரைச்சுட்டடா நீ," என்றான்.

கார் ஒரு தடவை இருமிவிட்டு மேட்டிலிருந்து இறங்கியது. கெர்வின் வேலியைப் பிடித்துக்கொண்டு, பச்சை கண்ணுக்கு மறைகிற வரை நின்றான். மறைந்த பிறகும் நின்றான். அடுத்த சுற்றுக்குப் பெயர் கூப்பிட வந்த இல்கா அவனைத் தேடி வேலிக்கே வந்துவிட்டாள்.

"அது எக்கார்ட்தான? என்ன, வந்த காலோட போயிட்டான்?"

"சாவி குடுக்க வந்தான்."

"எந்தச் சாவி?"

"என்னோடது."

"இப்பப் போயி எதுக்கு?" என்றாள் இல்கா. "உன்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

"ஆமா," என்றான் கெர்வின். "இருக்கு."